தங்கவயலுக்கு ஒரு கார் பயணம்

(நம் குடியிருப்பின் ஆண்டு விழாவில் சமுதாயக் கூடத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)



செயலாளர் சார் எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘பாலைவனச் சுரங்க ஊர்களில் ஒரு கார் பயணம்’. தலைப்பில் ஒரு சின்னத் தப்பு இருக்கிறது. அதற்குக் காரணம் நான்தான். பொங்கல் முடிந்து நாங்கள் வெளியூர் போயிருந்தபோது நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டேன். சாம்பல் நிறத்தில் பெரிய மணல்மேடு. அதன் அடிவாரத்தில் என் மனைவி குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உடனே கேள்விகள். “ஜெய்சல்மேரா அண்ணாச்சி?” “துபாய்க்குப் போயிட்டியளா, சொல்லவே இல்லையே?” யாருக்கும் நான் பதில் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் இன்றைக்கு எழுந்து நிற்கிறேன்.

அது பாலைவனம் இல்லை. கர்நாடகாவில் இருக்கிற கோலார் தங்கவயல். நீங்கள் ‘கே.ஜி.எஃப்.’ என்று சினிமாவாகப் பார்த்த ஊர். பா. இரஞ்சித் எடுத்த ‘தங்கலான்’ படத்தின் கதையும் அந்த மண்ணைப் பற்றியதுதான். திசையன்விளைப் பக்கம் தேரிக்காடு பார்த்திருப்பீர்கள். அது காற்று கொண்டுவந்து குவித்த செம்மணல். தங்கவயலில் இருப்பது மனிதர்கள் பூமிக்குள் இறங்கி, பாறையை உடைத்து, மேலே கொண்டுவந்து, மாவாக அரைத்து, தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய கழிவு. ஊர்க்காரர்கள் அதை ‘சயனைடு மேடு’ என்பார்கள்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகிற வழியே ஒரு பாடம்.

வண்ணார்பேட்டையிலிருந்து அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். என் மகள் வண்டி ஓட்டினாள். மதுரை ரோட்டில் கால் மணி நேரத்தில் தாழையூத்து. சங்கர் நகர் சிமென்ட் ஆலையின் விளக்குகள் தெரிந்தன. ‘சுரங்க ஊர்’ என்றால் எங்கோ தூரத்தில் இருப்பது என்று நினைக்கிறோம். சுண்ணாம்புக்கல்லை நம்பி 1949-இல் அந்த ஆலை வந்தது, ஆலையைச் சுற்றி ஒரு ஊர் வந்தது, ஊருக்கு ஆலையைத் தொடங்கிய சங்கரலிங்க ஐயரின் பெயரும் வந்தது. நம் கட்டடத்தில் இருக்கும் சிமென்டில் எத்தனை மூட்டை அங்கிருந்து வந்ததோ! தோண்டி எடுத்த ஒரு பொருளுக்குள்தான் நாம் எல்லோரும் குடியிருக்கிறோம்.

மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல் தாண்டி சேலத்தில் சாப்பாடு. சேலத்தை விட்டு தருமபுரிப் பக்கம் போகும்போது கருப்பூர் வட்டாரத்தில் வெள்ளை வெளேரென்று குன்றுகள். அது மேக்னசைட். அந்தப் பக்கத்தில் ‘வெள்ளைக்கல்’ என்பார்கள். இரும்பு உருக்கும் உலைகளுக்கு உள்ளே பூசுகிற, சூடு தாங்கும் செங்கல் செய்ய அது வேண்டும். தோண்டிய பள்ளமும் கொட்டிய மேடுமாக அந்த நிலம் கிடப்பதைப் பார்த்து என் மனைவி ஒன்றுதான் சொன்னாள்: “எங்க ஊரு வாசனை வந்துருச்சு.”

அன்று இரவு கிருஷ்ணகிரியில் தங்கினோம். மறுநாள் காலை குப்பம் வழியாகத் தங்கவயல். தமிழ்நாட்டில் காபி குடித்து, ஆந்திராவில் ஒரு துண்டு நிலத்தைக் கடந்து, கர்நாடகாவுக்குள் நுழைந்தால் கடைக்காரர் தமிழில் “வாங்க சார், டிபன் ஆச்சா?” என்கிறார். கடைப் பலகை கன்னடத்தில் இருக்கும். பேச்சு தமிழில் நடக்கும். வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துத் தமிழ்.

இந்த ஊர் எப்படி வந்தது? 1802-இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, மாரிகுப்பம் பக்கத்து மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். 1870-களில் நியூசிலாந்தில் போர் முடித்து பெங்களூருக்கு வந்த மைக்கேல் லவேல் என்ற அயர்லாந்துக்காரர், மைசூர் அரசிடம் தோண்ட அனுமதி வாங்கினார். அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் சுரங்கம் சுரங்கமானது. சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க், ஊரிகாம் என்று வரிசையாகச் சுரங்கங்கள். 1894-இல் ரயில் பாதை. 1902-இல் காவிரி சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம். பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1905-இல்தான்.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். ‘குட்டி இங்கிலாந்து’ என்றே பெயர். இறங்கி வேலை செய்தவர்களுக்கு ‘லைன்’ வீடு. வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய ஓரறை வீடுகள்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் 47 கிராம் தங்கம் கிடைத்தது, கிட்டத்தட்ட ஆறு பவுன். கடைசிக் காலத்தில் ஒரு டன்னுக்கு 3 கிராம். அரைப் பவுன்கூட இல்லை. அதைத் தேடித்தான் ஆழம் ஆழமாகப் போனார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். நம் பொதிகை மலை 1,868 மீட்டர். அதைத் தலைகீழாக அந்தக் குழிக்குள் இறக்கினால் முழுவதும் உள்ளே போய், மேலே இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இடம் மிஞ்சும். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலிருந்து அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் ஆள் நிற்க முடியும். அவ்வளவு ஆழம் என்பதால்தான் 1965-இல் நம் விஞ்ஞானிகள் ஜப்பான், இங்கிலாந்துக்காரர்களோடு சேர்ந்து அங்கே கருவிகளை வைத்து, வளிமண்டலத்திலிருந்து வரும் நியூட்ரினோ துகளின் தடயத்தைக் கண்டார்கள். உலகத்திலேயே முதல் தடயங்களில் அது ஒன்று.

சுமார் 120 வருஷத்தில் அந்தப் பூமியிலிருந்து எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். கொட்டிய கழிவு 3 கோடி டன்னுக்கு மேல். நீங்கள் படத்தில் பார்த்தது அந்தக் கணக்கின் இரண்டாவது வரியை.

இனி, நான் பதில் போடாத விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் இந்தக் குடியிருப்புக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. என் மனைவிக்கு எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சொன்ன பதில், “பெங்களூர் பக்கம்.” பொய் இல்லை. பக்கம்தான். 1981-இல் வங்கி வேலையில் என்னை ராபர்ட்சன்பேட்டைக்குப் போட்டார்கள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த பெண்ணைத்தான் 1984-இல் கல்யாணம் செய்துகொண்டேன். அவளுடைய அப்பா சாம்பியன் ரீஃபில் கீழே இறங்கி வேலை செய்தவர். தாத்தாவும் அப்படியே. வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கமிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமை வேலைக்கும் தப்பி அந்தச் சுரங்கத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். என் மனைவியின் குடும்பமும் அதில் ஒன்று. என் அம்மா மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகும் விசேஷ வீடுகளில், “மருமவ பெங்களூர்க்காரி” என்றுதான் சொல்வாள். அம்மா சொன்ன அந்தப் பொய்யை அம்மா போன பிறகும் நாங்கள் கட்டிக் காப்பாற்றிவந்தோம்.

என் மனைவி மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொல்லச் சொல்லித்தான் சொல்கிறேன். “நீங்க பேசுறதா இருந்தா முழுசா பேசுங்க. இல்லேன்னா ஊட்டியைப் பத்திப் பேசிட்டு வந்துருங்க” என்று சொல்லிவிட்டாள்.

அவள் பிறந்த லைன் வீட்டுக்குப் போனோம். இப்போது வேறு ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டம்மா, “உள்ள வாங்கக்கா, உங்க வீடுதான” என்று கூப்பிட்டு டீ கொடுத்தார். அடுப்படிச் சுவரில் ஒரு பலகை. என் மனைவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் மகளிடம் சொன்னாள்: “இங்கதான் பாத்திரம் அடுக்கி இருக்கும். ராத்திரி திடீர்னு எல்லாம் கடகடன்னு ஆடும்.”

பூகம்பம் இல்லை. ‘ராக் பர்ஸ்ட்’ என்பார்கள். ஆழத்தில் பாறைக்கு மேலிருந்து விழும் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். பெரிய வெடிப்பு என்றால் மேலே ஊர் முழுக்க அதிரும். பாத்திரம் ஆடினால் பெண்கள் யாரும் ஒருவரையொருவர் ஒன்றும் கேட்க மாட்டார்களாம். யார் வீட்டு ஆள் நைட் ஷிஃப்ட் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியே எழுந்து ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். கேஜ் மேலே வரும். பத்துப் பேர், பதினைந்து பேர் இறங்குவார்கள். முகமெல்லாம் தூசி. யார் யாரென்று தெரியாது. “அப்பாவை நடையை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன்” என்றாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் எனக்கே இதை அவள் முழுசாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவர்கள் வெறுமனே இறங்கி ஏறிய கூட்டம் இல்லை. அயோத்திதாச பண்டிதரின் தமிழ்ப் பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் வேரூன்றி இருந்தது. அவர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் நின்றுபோன பிறகு, 1926-இல் அதைத் தங்கவயலிலிருந்துதான் அப்பாதுரையார் மறுபடி நடத்தினார். 1930-இல் கம்பெனி எல்லாத் தொழிலாளிகளிடமும் கைரேகை எடுக்க வந்தபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். என் மாமனார் வீட்டில் புத்தக அலமாரி இருந்தது. அப்போது எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் மட்டும்தான்.

பிறகு, சுரங்கம் மைசூர் அரசிடம் போய், மத்திய அரசிடம் போய், 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. எடுக்கும் தங்கத்தின் விலையைவிட எடுக்கிற செலவு அதிகம் என்பது காரணம்.

மூடினால் என்ன ஆகும்? இதைத்தான் நான் நேரில் பார்த்துவிட்டு வந்தேன். சுரங்கத்தில் இரவு பகலாகத் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பம்பை நிறுத்தியதும் பாதாளம் வரை தண்ணீர் ஏறிவிட்டது. நூறு வருஷமாக வெட்டிய பாதைகள் எல்லாம் தண்ணீருக்குள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்து மோட்டார் நின்றுபோனபோது என்ன பட்டோம்? வாசலில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடுகிறது, வீட்டுக் குழாயில் சொட்டு இல்லை. ஒரு மோட்டார் நின்றதற்கு அந்தப் பாடு. அங்கே ஒரு ஊரே நின்றது. தண்ணீர், தெருவிளக்கு, ஆஸ்பத்திரி, சாக்கடை எல்லாவற்றையும் நடத்தியது கம்பெனி. கம்பெனி போனதும், இதெல்லாம் இனி யார் வேலை என்ற கேள்விக்கு ஆள் இல்லை.

என் மைத்துனர் சுரங்கத்தின் ஒர்க்ஷாப்பில் இருந்தவர். மூடியபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு இருபது வருஷம், விடிவதற்கு முன் மாரிகுப்பம் ரயிலில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாக பெங்களூர் போய் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி வீடு திரும்பியிருக்கிறார். போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அவர் மட்டும் இல்லை, ஆயிரக்கணக்கானவர்கள் இன்றும் அப்படித்தான் போகிறார்கள். “ஏன் மச்சான், பெங்களூர்லயே வீடு பாத்திருக்கலாமே?” என்று கேட்டேன். “அங்க போனா நான் வாட்ச்மேன் மச்சான். இங்க இறங்குனா நான் இந்த ஊர்க்காரன்” என்றார்.

சாயங்காலம் அவர்தான் சயனைடு மேட்டுக்குக் கூட்டிப்போனார். அரைத்த பாறை மாவை சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் அதில் கரைந்து வரும். தங்கத்தைப் பிரித்துக்கொண்டு மாவைக் கொட்டிவிடுவார்கள். அப்படிக் கொட்டியதில் மழை ஓடி ஓடி வெட்டிய வாய்க்கால்கள். புல் பூண்டு அதிகம் இல்லை. கோடையில் காற்றடித்தால் அந்தத் தூசு வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். இந்த மேட்டிலும் கொஞ்சம் தங்கம் மிச்சம் இருக்கிறது. அதை எடுக்க இடம் கொடுக்கலாம் என்று 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பற்றி ஆசையாகவும் பயமாகவும் பேசுகிறார்கள்.

உண்மையான பாலைவனத்திலும் இதே கதைதான். ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில் கோல்மன்ஸ்கோப் என்று ஒரு ஊர். 1908-இல் ரயில் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளியின் கையில் ஒரு வைரம் கிடைத்தது. ஊர் முளைத்தது. நடுப்பாலைவனத்தில் ஐஸ் தொழிற்சாலை, எக்ஸ்ரே வைத்த ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. தெற்கே இன்னும் நல்ல வைரம் கிடைத்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது. 1956-இல் கடைசிக் குடும்பமும் கிளம்பியது. இன்று அந்த வீடுகளுக்குள் ஜன்னல் உயரத்துக்கு மணல். சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியைப் பாருங்கள். அதுவும் வறண்ட பூமி, அதுவும் தங்கச் சுரங்கம். 1903-இல் கடற்கரைப் பக்கமிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அந்தக் குழாயைப் பராமரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஊரும் இருந்துகொண்டே இருக்கிறது. கிடைத்த வைரத்தால் ஒரு ஊர் நிற்கவில்லை, பராமரித்த குழாயால் ஒரு ஊர் நிற்கிறது.

திரும்பும்போது திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாக நெய்வேலிக்குப் போனோம். 1956-இல் நிறுவனம் தொடங்கி, இன்னும் உயிரோடு இருக்கும் சுரங்க ஊர். மரங்கள் அடர்ந்த அகலமான தெருக்கள். அங்கேயும் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் பொங்கி வராமல் இருக்க ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுரங்கத்துக்காக நிலம் கொடுத்துவிட்டுப் போன கிராமத்துக்காரர் ஒருவரோடு டீக்கடையில் பேசினோம். “எங்க ஊரு எங்க இருந்துச்சுன்னு காட்டச் சொன்னா, பள்ளத்தைத்தான் காட்டணும்” என்றார்.

சரி, எங்கள் பயணம் எதற்காகக் கிளம்பியது என்று சொல்லவில்லையே. சென்ற வருஷம் மே மாதம் நம் குடியிருப்பில் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது. நினைவிருக்கும். இரண்டு நாள் நாற்றம். யாரோ சொல்லி வெளியிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கத் தயாரானார்கள். என் மனைவி கீழே வந்து தொட்டி மூடியின் மேல் ஏறி நின்றுகொண்டாள். “மெஷின் வர்ற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்” என்றாள். மெஷின் மறுநாள்தான் வந்தது. செலவும் அதிகம். “மேடத்துக்கு எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?” என்று குழுவில் எழுதினார்கள். எழுதியவர்கள் மேல் வருத்தம் இல்லை. நானே அன்று ராத்திரி அவளிடம் அதைத்தான் கேட்டேன்.

அதற்கு அவள் சொன்ன பதில் இது. அவர்கள் லைனில் பாதாளச் சாக்கடை கிடையாது. எடுப்புக் கக்கூஸ்தான். தினமும் காலையில் தெலுங்கு பேசும் ஒரு அம்மா வாளியும் தகரமுமாக வருவார். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களை ஊர் கீழே வைத்தது. அவர்கள் தங்களுக்கும் கீழே அந்த அம்மாவை வைத்தார்கள். தண்ணீர் கேட்டால் என் மாமியார் தூக்கித்தான் ஊற்றுவாராம். “பதினெட்டு வருஷம் எங்க வீட்டுக்கு வந்தாங்க. அவங்க பேரு எனக்குத் தெரியாதுங்க. நான் கேட்டதே இல்ல” என்று சொல்லிவிட்டு அழுதாள். அன்றைக்குத்தான், “ஒரு தடவை ஊரைப் பாத்துட்டு வந்துருவோம்” என்றாள்.

இந்த வேலையை இந்த நாட்டிலிருந்தே ஒழிக்கப் போராடும் பெஜவாடா வில்சனும் தங்கவயலில்தான் 1966-இல் பிறந்தார். அவர் வீட்டிலேயே அந்த வேலை செய்தவர்கள் இருந்தார்கள். அந்த ஊரின் எடுப்புக் கக்கூஸ்களை எதிர்த்துத்தான் அவர் போராட்டம் தொடங்கியது. 2016-இல் மகசேசே விருது பெற்றார். 800 டன் தங்கம் எடுத்த ஊர், மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் குளிர்ந்த காற்று அனுப்பத் தெரிந்த ஊர், லைன் வீடுகளுக்குச் சாக்கடை போடவில்லை. அதற்குப் பதில் ஒரு ஆளை வைத்துக்கொண்டது.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. மொத்தம் 550 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் ஓட்டாதீர்கள், கிருஷ்ணகிரியில் தங்குங்கள். டிசம்பர், ஜனவரி நல்ல பருவம். சுரங்கத்துக்குள் யாரையும் விடமாட்டார்கள். ஷாஃப்டின் இரும்புக் கோபுரங்களை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். சயனைடு மேட்டில் குழந்தைகளைச் சறுக்கி விளையாட விடாதீர்கள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் நின்று இரண்டு பேரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த ஷாஃப்டையும்விட அங்கேதான் அதிகம் பார்க்க முடியும்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இயந்திரத்தோடு வருஷ ஒப்பந்தம், எந்தக் காரணத்துக்காகவும் ஆள் உள்ளே இறங்கக் கூடாது என்று நம் விதிமுறையிலேயே எழுதிக்கொள்வது, அதற்காக மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் கொஞ்சம் கூடுதல். 2013-ஆம் வருஷச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். தொட்டிக்குள் யாராவது இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் கை தூக்காதீர்கள். பாத்திரம் ஆடியதும் எழுந்து ஓடிய பெண்களை நினைத்துக்கொண்டு தூக்குங்கள். அன்று வந்த அந்த இரண்டு பையன்களுக்கும் வீட்டில் யாரோ காத்திருந்திருப்பார்கள்.

அந்தப் பையன்களின் பெயரை என் மனைவி அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக் காலண்டரில் இருக்கிறது.

என் மனைவிக்கு எந்த ஊர் என்று இனி யாராவது கேட்டால், தங்கவயல் என்று சொல்லுங்கள்.